கிட்டாருக்கு முதுகு தேய்த்தவர்

மேற்கே பாலக்காட்டில் ஆடி மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். அதே மேகம் கணவாய்க் காற்றோடு எங்கள் எருத்தேம்பதிக்கு வந்து சேரும்போது கையில் ஒரு சொட்டு இருக்காது. கொண்டுவந்த பலகாரத்தையெல்லாம் வழியிலேயே கொடுத்துவிட்டு வெறும் பையோடு வரும் விருந்தாளியைப் போல, தென்னை மட்டைகளை உலுக்கிவிட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடும். இந்த வறட்டுக் காற்றை வையாத ஆள் ஊரில் ஒருத்திதான் உண்டு. அவள் ரத்தினசாமியின் மருமகள் செல்வப்பிரியா. காற்றில் ஈரம் இருந்தால் கிட்டாருக்குப் பூசும் லேக்கர் வெளுத்துவிடும், பனி படிந்த கண்ணாடி மாதிரி. தேவிகுளத்து மூடுபனியில் அந்த வேலை ஆகவே ஆகாது. அதனால்தான் மாட்டுப்பட்டியில் ஒரு விடுதியில் பாடுகிற இந்து என்ற எஸ்டேட் பெண், மலையிலிருந்து இவ்வளவு தூரம் இறங்கி வந்து, தனக்கொரு கிட்டார் செய்துதரச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

செல்வப்பிரியா கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் கிட்டார் செய்யும் கம்பெனியில் ஏழு வருஷம் பாலீஷ் பிரிவில் இருந்தவள். புருஷன் மோகனசுந்தரம் கஞ்சிக்கோட்டில் ஷிப்டுக்குப் போகிறவன். கல்யாணமாகி வந்ததும் தோப்புக்குள் சும்மா கிடந்த மாட்டுச் சாளையைக் கூட்டிப் பெருக்கி, சாணி வாடை போகும்வரை மூன்று முறை சுண்ணாம்படித்துப் பட்டறையாக்கிக்கொண்டாள். மாடு கட்டியிருந்த கம்பத்தில் இப்போது கிட்டார்கள் தொங்கின. ஊரில் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு என்ன, ஆடிக் காற்றில் வாயை மூடிக்கொள்ள முடியாமல்கூடச் சிரிக்கலாம்.

சிரிக்காத ஆள் ரத்தினசாமி. அவர் போன கார்த்திகையிலிருந்து எதற்குமே சிரிப்பதில்லை. ஒருநாள் விடியலில், தோப்பில் மடை திருப்பிக்கொண்டிருந்தவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. தண்ணீர் பாதையெல்லாம் பாய்ந்து கெட்டதைப் பார்த்து மோகனசுந்தரம் தேடிப்போய்த் தூக்கிவந்தான். தை மாதத்துக்குள் கால் திரும்பிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. வலது கை மட்டும் பாதிதான் வந்தது. மடங்கும், நீளும். ஆனால் எதைத் தொட்டாலும் தொட்டது தெரியாது. பங்குனியில் ஒருநாள், கை சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் காட்டுவதற்காகக் காப்பி டம்ளரை அந்தக் கையிலேயே பிடித்துக் குடித்தார். சாயங்காலம் மனைவி மயிலாத்தாள்தான் பார்த்தாள்.

"இதென்னங் கொப்புளம்?"

"கொப்புளமா? எங்க?"

கேட்டுவிட்டுத் தன் விரல்களைத் தானே பார்த்தார். அன்றைக்கு அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்தவர்தான். பிறகு சாப்பாடெல்லாம் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, சமையற்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகவில்லை. பந்தி என்று ஒன்று இருக்கிற இடத்துக்கே அவர் போகவில்லை. விசேஷ வீடுகளில் அவர் உண்டு எழுந்த இலையிலேயே உட்கார்ந்து உண்பது மயிலாத்தாளின் பழைய வழக்கம். மகள்கூடக் கேலி செய்வாள். அந்த வழக்கமும் நின்றுபோயிற்று. சித்தூரிலிருந்து வரும் பிசியோதெரபிப் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லியிருந்தாள். அந்தப் பந்தை இப்போது நாய்தான் அமுக்கிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் மகள் கிருத்திகா, வேலந்தாவளத்தில் கட்டிய புது வீட்டுக்கு அழைக்க வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள்.

"அப்பா, ஆவணி பன்னெண்டு நாள் பாத்திருக்குதுங்க. விடியால பால்காய்ச்சு. நீங்களும் அம்மாவும் மொத நாளே வந்துரோணும்."

"உங்கம்மா வருவா. அண்ணன் வருவான், அண்ணி வரும். நான் எதுக்கு?"

"கடக்காலுக்கு மொதக் கல்லு எடுத்து வெச்சது நீங்கதானுங்கப்பா."

"அப்பக் கை இருந்துது."

"இப்பவும் இருக்குதுங்க. வந்து ஒரு மூலையில உக்காந்திருங்க, போதும்."

"உக்காந்தா உண்ணச் சொல்லுவாங்க. எடது கையில எப்பிடி உண்றது, மங்கள ஊட்டுல?"

"ஸ்பூன்ல உண்டா யாருங்கப்பா என்ன சொல்லப்போறாங்க?"

"ஒருத்தரும் சொல்லமாட்டாங்க அம்மிணி. பாத்துட்டு மொகத்தை அக்கட்டால திருப்பிக்குவாங்க. எனக்கு அது போதும்."

"செரி, உண்ணாம இருங்க. வந்துட்டாவது போங்க."

"வந்துட்டுக் கை நனைக்காமப் போனா உன்ற மாமியா ஊட்டுல என்ன நெனைப்பாங்க? பொண்ணைக் கட்டிக்குடுத்த மனுசன் எதோ மனசுல வெச்சுட்டுப் போறான்னு நெனைக்கமாட்டாங்களா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கம் சீர் செய்வதும் மொய் எழுதுவதும் ஒன்று, இலைமுன் உட்கார்ந்து கை நனைப்பது வேறு. பகையாளிகூடக் கல்யாணத்துக்கு வந்து மொய் வைத்துவிட்டு, கை நனைக்காமல் வண்டியேறிவிடுவான். அதிலேயே ஊருக்கு எல்லாம் விளங்கிவிடும். வந்து உண்ணாமல் போவதைவிட வராமலே இருப்பது மேல் என்று ரத்தினசாமி கணக்குப் போட்டிருந்தார். கிருத்திகா தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க வந்து கை நனைக்காத ஊட்டுல நான் எப்பிடிங்கப்பா அடுப்புப் பத்தவெச்சுத் தெனமும் சோறாக்கறது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அவள் அழுதபடியே பேருந்துக்குப் போனாள். அவர் எழுந்து தோப்புக்குள் நடந்து, போக இடமில்லாமல் சாளையில் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

அங்கே செல்வப்பிரியா கிட்டாரின் வட்டத் துளைக்குள் மூக்கை நுழைத்து மோந்துகொண்டிருந்தாள். லேக்கர் அடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. லேக்கரில் கலந்த தின்னர் வாடை முழுதும் போன பிறகுதான் தேய்க்க வேண்டும். போய்விட்டிருந்தது. கிட்டாரைப் பழைய கம்பளியில் குப்புறப் படுக்கவைத்தாள். முதுகு பலா மரம். லேக்கருக்கு அடியில் தேன் நிறமாகத் தெரிந்தது. ரப்பர் கட்டையில் எண்ணூறாம் நம்பர் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளையாகப் பால் ஊறியது. துணியால் துடைத்தாள், சாய்த்துப் பார்த்தாள், மறுபடி தேய்த்தாள். கிருத்திகா அழுதுகொண்டு போனது அவளுக்கும் தெரியும். தேய்ப்பதை நிறுத்தவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மிணி, இன்னும் எத்தனை நாளைக்கு அதையவே தேச்சுட்டிருப்பே? எருமைக்குக்கூட நான் இத்தனை தேச்சதில்ல."

"எருமைக்கு அழுக்குப் போனாச் செரிங்க மாமா. இதுல மினுக்குப் போகோணும்."

"மினுங்கோணும்னுதான பூசுனே? பூசிப்போட்டு எதுக்கு அதையப் போக்கறே?"

"பூசுனது மேடும் பள்ளமுமா இருக்குதுங்க. மேட்டைத் தேச்சுத் தேச்சுப் பள்ளத்தோட சேத்தோணும். பள்ளத்துல மட்டும் பேப்பர் படாம மினுங்கீட்டுக் கெடக்கும். அந்த மினுக்கு அத்தனையும் போயி ஒரே மங்கலா ஆயிருச்சுன்னா மட்டம் வந்துருச்சுன்னு அர்த்தமுங்க. பொறகு நைசுப் பேப்பர்ல தேச்சு, பாலீஷ் போட்டா மறுபடியும் மினுங்கும். அதுதான் நெச மினுக்கு."

ரத்தினசாமி கட்டிலில் சற்று முன்னால் நகர்ந்தார்.

"அப்ப இது பரம்படிக்கற வேலை."

"என்னங்?"

"நாத்து நடறதுக்கு முந்தி சேத்துல பரம்படிப்பமில்ல? தண்ணி நிக்கற எடம் குழி. தலை காட்டுற எடம் மேடு. ஒரே மட்டமா வர்றவரைக்கும் இழுக்கோணும். நாப்பது வருசம் இழுத்திருக்கறேன். இதைய மொதல்லயே இப்பிடிச் சொல்லியிருந்தா நான் எதுக்குக் கேக்கறேன்?"

"அதேதானுங்க மாமா. எனக்குத்தான் சொல்லத் தெரியலீங்க."

அவர் கட்டிலிலிருந்தே கழுத்தை நீட்டிச் சாய்த்துப் பார்த்தார். "உன்ற மட்டமும் இன்னும் வல்லே. அந்த இடுப்பு வளைவுக்குக் கீழ ரெண்டு குழி மினுங்குது பாரு."

"எங்கீங்க? எனக்குத் தெரியலீங்களே."

தெரியாமல் என்ன, ஏழு வருஷம் இதையே பார்த்த கண். ஆனாலும் குனிந்து குனிந்து தேடினாள். அவர் எழுந்து வந்து இடது விரலால் தொட்டுக் காட்டினார். "மணிக்கட்டு நோவுதுங்க மாமா, சித்த நேரம் அந்த ரெண்டு எடத்தை மட்டும் நீங்க தேச்சு உடுங்க" என்றாள். மணிக்கட்டு நோகவில்லை என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்துதான் இருக்கும். கட்டையை இடது கையால் எடுக்கப் போனார். செல்வப்பிரியா சைக்கிள் டியூபை வெட்டிய ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"வலது கையக் குடுங்க. கட்டை வழுக்காம இருக்க ஒரு பட்டை போட்டு உடறேன். எனக்கே போடாம நிக்காதுங்க."

அவளுக்கு ஒருநாளும் பட்டை தேவைப்பட்டதில்லை. அவர் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதமாக வெயில் படாத கை. வெளுத்துப் போயிருந்தது. பட்டையை மாட்டி, கட்டையைப் பொருத்தி, கிட்டாரின் முதுகில் வைத்தாள். கை முதலில் வட்டம் போடாமல் கோணிக்கொண்டு போனது. பிறகு தோளிலிருந்து அசைத்துப் பார்த்தார். பரம்பு இழுக்கிற தோள் அது. கோணல் கொஞ்சம் குறைந்தது. வெள்ளைப் பால் ஊறியது.

"அமுக்காதீங்க மாமா. பேப்பர் தானாத் திங்கும். நாம கூடப் போனாப் போதும். ஓரத்துப் பக்கம் போகவே போகாதீங்க, ஓரத்துல லேக்கர் மெல்லிசு. ரெண்டு இழுப்புல மரம் வந்துரும்."

"வரப்போரத்துல யாராச்சும் பரம்பைக் கொண்டுபோவாங்களா? எனக்கே சொல்றா பாரு."

மறுநாளிலிருந்து அவர் காலைச் சாப்பாடு முடிந்ததும் சாளைக்கு வந்துவிட்டார். எண்ணூறு முடிந்து ஆயிரம், ஆயிரம் முடிந்து ஆயிரத்து ஐந்நூறு. செல்வப்பிரியா அவருக்கு முதுகை மட்டும்தான் கொடுத்தாள். முகத்தைத் தானே வைத்துக்கொண்டாள். மருமகளுக்கு மாமனார்மேல் எவ்வளவு பாசமிருந்தாலும் கிட்டாரின் முகத்தைக் கொடுக்கிற அளவுக்கு இருக்காது. அது நியாயம்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் போட்டு முறைவைத்துத் தேய்ப்பார்கள். வெளியே காற்று மட்டைகளை அறைந்துகொண்டேயிருக்கும்.

"இந்தப் பொண்ணு இதைய வெச்சு என்ன பாட்டுப் பாடும்?"

"தமிழ், மலையாளம், இந்தி எல்லாம் பாடுமுங்க. டூரிஸ்ட்டுக எது கேக்கறாங்களோ அது. இத்தனை நாளா வாடகைக் கிட்டாராமுங்க. இதுதான் அது சொந்தமா வாங்கற மொதக் கிட்டார்."

"மொதச் சொத்து. அப்ப முதுகு நல்லாத்தான் இருக்கோணும்."

வேட்டியில் வெள்ளைத் திட்டுகளைப் பார்த்து மயிலாத்தாள் கேட்டாள். "இதென்னங் சுண்ணாம்பா? எங்க போயி ஒரசிட்டு வந்தீங்க?"

"தென்னைக்குச் சுண்ணாம்படிச்சிருக்குதில்ல, அதுல பட்டிருக்கும்" என்றார். தென்னைக்குச் சுண்ணாம்படித்து இரண்டு வருஷமாகியிருந்தது. அவள் மறுநாள் அவர் பின்னாலேயே போய்ச் சாளையின் தட்டி இடுக்கில் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் உள்ளே போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, அன்று மத்தியானம் அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கினாள். அவர் தட்டில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது. அந்த மனுஷியைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய பேச்சு.

ஆனால் கை மட்டும் ஏமாற்றிக்கொண்டேயிருந்தது. வட்டம் நேராகிவிட்டது, பட்டை இல்லாமலே கட்டையைப் பிடித்தது. தொட்டது மட்டும் தெரியவில்லை. முதுகு முழுக்க இரண்டாயிரம் பேப்பரும் போட்டு முடித்த அன்று செல்வப்பிரியா, "தொட்டுப் பாருங்க மாமா, எப்பிடி இருக்குது" என்றாள். அவர் இடது கையால் தடவினார். "வெண்ணெயாட்டம் இருக்குது" என்றார். பிறகு வலது கையால் தடவினார். முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுமில்ல அம்மிணி. கட்டைய வெச்சுத் தடவற மாதிரி இருக்குது."

"பிசியோக்காரப் புள்ள சொல்லுச்சில்லீங்க, அசைவு மொதல்ல வரும், ஒணர்ச்சி மெதுவா வருமுன்னு."

"எத்தனை மெதுவா? ஆவணி பன்னெண்டுக்கு இன்னும் எத்தனை நாளிருக்குது? புடிக்குது அம்மிணி, நான் இல்லேங்கலே. புடிச்சது சோறா எலையான்னு தெரியாம எப்பிடி வாய்க்குக் கொண்டுபோறது? கொழந்தையாட்டம் மூக்குல கொண்டுபோய் வெப்பேன். அதைய எம்பொண்ணு பாக்கோணுமா?"

செல்வப்பிரியா நாளைய வேலையைச் சொன்னாள். இனிமேல் கையில் தேய்ப்பதில்லை, பஃப் வீலில் பாலீஷ்தான் என்றாள். அந்த வீல் மோகனசுந்தரம் செய்துகொடுத்தது. பழைய மாவாட்டும் கிரைண்டரின் மோட்டாரில் துணி அடுக்கிய சக்கரத்தைப் பொருத்தியிருந்தான். சக்கரத்துக்குப் பாலீஷ் மெழுகான காம்பவுண்டுக் கட்டியைக் காட்டி, கிட்டாரை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். முன்பு செய்த ஒன்றிரண்டு கிட்டாருக்கு அவள் அப்படிச் செய்ததை அவர் பார்த்திருந்தார்.

மறுநாள் ஆடிப் பதினெட்டு. பெண்கள் இருவரும் காலையில் வாய்க்காலுக்குப் போய், புதுத் தண்ணீருக்குப் பூவும் காதோலை கருகமணியும் விட்டுவிட்டு அம்மன் கோயிலுக்குப் போனார்கள். மோகனசுந்தரத்துக்குக் காலை ஷிப்டு. ரத்தினசாமி தனியாகச் சாளையில் உட்கார்ந்து அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். மங்கலாகக் கிடந்தது. மருமகள் வருவதற்குள் மினுங்கவைத்துவிட்டால் என்ன என்று ஒரு ஆசை. பாவம், நல்ல ஆசைதான். அவர் சக்கரம் பிடிக்காத ஆளுமில்லை. கொடுவாளைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பிடித்துப் பழகியவர். சாணை பிடிக்கிறவனுக்கு ஒரே பாடம்தான். அழுத்திப் பிடி, பொறி பறக்கிறவரைக்கும் எடுக்காதே. அவர் மோட்டாரைப் போட்டார். கட்டியைக் காட்டினார். கிட்டாரை இரண்டு கையிலும் ஏந்தி, அதன் முதுகைச் சக்கரத்தில் வைத்து, கொடுவாளைப் பிடிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

தோப்பு வாசலில் வரும்போதே செல்வப்பிரியாவுக்கு வாடை வந்துவிட்டது. பிளாஸ்டிக் சீப்பு கருகிய நாற்றம். மயிலாத்தாளையும் தேங்காய்ப் பழக் கூடையையும் பின்னால் விட்டுவிட்டு ஓடினாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கிட்டார் கம்பளியின்மேல் கிடந்தது. முதுகின் நடுவில், ரூபாய்க் காசு அகலத்துக்கு லேக்கர் கொதித்துச் சுருங்கி, பால் ஆடை மாதிரி மடிந்து கறுத்திருந்தது.

அவள் அந்த வீட்டில் காலெடுத்து வைத்ததிலிருந்து மாமனார் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"என்னங்க பண்ணிப்போட்டீங்க! யாருங்க உங்களை மோட்டாரத் தொடச் சொன்னது? மூணு மாசத்து வேலைங்க மாமா! அந்தப் புள்ளைக்கு நான் இனி என்னன்னு பதில் சொல்றது? எத்தனை தடவை சொன்னேன், அமுக்காதீங்க, அமுக்காதீங்கன்னு…"

அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை. வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, சுடுது."

"சுடாம என்னங்க பண்ணும்? அந்த வேகத்துல ஒரே எடத்துல வெச்சா இரும்பே சுடும், இது வெறும்…"

வாக்கியத்தின் பாதியில் அவளுக்கு உறைத்தது. அவர் குனிந்து, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்தக் கருகிய இடத்தில் மறுபடி வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுதம்மிணி. மினுக்கு வந்துருச்சான்னு தொட்டுப் பாத்தேன். சுருக்குன்னுது. இந்த ரெண்டு வெரலு."

செல்வப்பிரியா மோட்டாரை அணைத்தாள். வாட்டர் பேப்பர் ஊறுகிற பாத்திரத்தை இழுத்து அவருடைய இரண்டு விரலையும் தண்ணீருக்குள் விட்டாள். "இதுங்க மாமா?"

"ஜில்லுங்குது. முழுசா இல்ல. தூரத்துல இருந்து கூப்பிடற மாதிரி. ஆனா ஜில்லுங்குது."

மற்ற மூன்று விரல்களும் மரமாகத்தான் இருந்தன. இரண்டுதான் திரும்பியிருந்தன. இருவரும் நின்ற இடத்திலேயே அழுதார்கள். கூடையோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்த மயிலாத்தாள், இருவர் முகத்தையும் கம்பளியில் கிடந்த கிட்டாரையும் பார்த்தாள்.

"என்னாச்சு? கிட்டாரு போச்சா?"

"போச்சுங்கத்தை" என்றாள் செல்வப்பிரியா, சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும்.

"போனாப் போகுது உடு கண்ணு, வேற ஒண்ணு செஞ்சுக்கலாம். அதுக்காக ரெண்டு பேரும் எழவூட்டு மாதிரி… ஏனுங், நீங்க எதுக்கு அழுகறீங்?"

அவர் வலது கையை நீட்டி அவள் உள்ளங்கையைப் பிடித்தார். விரலால் தடவினார். முகத்தைச் சுளித்தார்.

"உன்ற கை ஏன் இப்பிடிச் சொரசொரன்னு இருக்குது?"

"நாப்பது வருசமா அப்பிடித்தான் இருக்குது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூடை கையிலிருந்து நழுவியது. வாழைப்பழம் உருண்டு போனதை யாரும் எடுக்கவில்லை. பிறகு நாய்தான் எடுத்தது.

அன்று மத்தியானமே செல்வப்பிரியா இந்துவுக்குப் போன் செய்தாள். மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"அய்யோ, என்னக்கா சொல்லுதீங்க! ரூவா அகலத்துக்கா? ஓணம் சீசனுக்கு வேணும்லாக்கா. அதுக்குத்தான நான் அப்பமே சொன்னேன்."

"எம்மேல தப்புதானுங்க. ஆனா லேக்கர்ல ஒரு நல்ல கொணம் இருக்குது. கருகுனதைச் சொரண்டிப்போட்டுப் புதுசாச் சொட்டுச் சொட்டா வெச்சா, பழசையே கரைச்சு அதுகூடச் சேந்துக்கும். ஒட்டுப் போட்ட மாதிரி நிக்காது. ஆனா அது காயறதுக்கு நாளாகுமுங்க. சீசனுக்குள்ள முடிச்சுருவேன்."

மறுமுனையில் எங்கேயோ ஜீப் ஹாரன் கேட்டது.

"ஏங்க்கா, அவியளுக்கு இப்பமும் சுடுதா? நெசமாவா?"

"சுடுதாமுங்க. காலையில இருந்து கண்ணுல பட்டதையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டிருக்காரு."

"சரிக்கா. நான் பொறுக்கேன். ஆனா புள்ளி தெரியக்கூடாது, சொல்லிட்டேன். தெரிஞ்சா சும்மா விடமாட்டேன்."

செல்வப்பிரியா கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, தினமும் காலையில் மெல்லிய தூரிகையால் ஒரு சொட்டு லேக்கர் வைத்தாள். குழி மெதுவாக நிறைந்து, தேன் நிறத்தில் சின்னக் கொப்புளமாக மேலெழுந்தது. காய்ந்ததும் அதைத்தான் தேய்த்து மட்டமாக்க வேண்டும். ரத்தினசாமி தினமும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார். மோட்டார் இருந்த பக்கமே திரும்பமாட்டார். ரப்பர் பந்தை நாயிடமிருந்து பிடுங்கிக் கழுவிவைத்துக்கொண்டார். சமையற்கட்டில் இப்போதும் ஸ்பூன்தான். வேலந்தாவளத்துக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிருத்திகா போன் செய்து அம்மாவிடம் கேட்பாள். "எனக்கென்ன தெரியும், அவரையே கேளு" என்பாள் மயிலாத்தாள். மகள் கேட்கமாட்டாள். இன்னொரு தடவை இல்லை என்று கேட்க அவளுக்குத் திராணியில்லை.

ஆவணி பன்னிரண்டு விடியலில் பட்டுக்கரை வேட்டியோடு அவர் காரில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். மோகனசுந்தரம் வண்டியை எடுத்தான்.

பால் பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். ரத்தினசாமி புதுச் சுவரை, ஜன்னல் கம்பியை, படிக் கைப்பிடியை எல்லாம் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தார். பந்திக்கு அழைத்தபோது வாசல் வாழைமரத்தடியில் போய் நின்றுகொண்டார். மகள் பார்த்தும் பார்க்காத மாதிரி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். சம்பந்தி வந்து, "சம்மந்தி, மொதப் பந்தி உங்களுக்குத்தானுங்" என்று கையைப் பிடித்தார். பிடித்தது வலது கையை. அவர் கையைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் சம்பந்தி.

இலையில் சோறு விழுந்தது. அதன்மேல் பருப்பும் நெய்யும். ரத்தினசாமி துண்டை விலக்கி வலது கையை எடுத்தார். விரலைக் குவித்தார். முதல் வாய் பாதி வழியில் உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. இரண்டாவது வாய் தாடையில் பட்டு உதிர்ந்தது. எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் தங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி அப்பளத்தை எடுத்து அதையே ஆராய்ந்தார். அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்தது. எல்லா முகமும் திரும்பிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். மோகனசுந்தரத்துக்கு எழுந்துவிடலாமா என்றிருந்தது. செல்வப்பிரியா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. கையை மறுபடி சோற்றுக்குள் விட்டார். இந்த முறை அடியில், ஆவி அடைத்துக் கிடந்த இடத்தில் போய்விட்டது.

"ஏப்பா! யாரு இதைய அடுப்போட தூக்கியாந்து கொட்டுனது? இப்பிடிச் சுட்டா மனுசன் உண்றதா வேண்டாமா?"

பந்தி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். திரும்பிய முகமெல்லாம் திரும்பி வந்தது. நாற்பது வருஷமாக எந்தப் பந்தியிலும் சோறு சுடுகிறது, ரசம் ஆறிவிட்டது, உப்பு எங்கே என்று சண்டை பிடித்த மனிதரின் குரல் அது. யாரோ சிரித்தார்கள். கிருத்திகா வாளியை நடுவழியில் வைத்துவிட்டு ஓடிவந்து முன்னால் மண்டியிட்டாள்.

"சுடுதுங்களாப்பா?"

"சுடுதுன்னுதான சொல்றேன்."

"எங்கீங்கப்பா சுடுது?"

"கையிலதான். பின்ன எங்க சுடும்? நின்னுட்டுக் கேள்வி கேக்காத, விசிறு."

அவள் அழைப்பிதழ் அட்டை ஒன்றை எடுத்து விசிறினாள். கண்ணீர் வழிய வழிய விசிறினாள். அவர் கையை எடுக்காமல் அந்தச் சோற்றின் மேலேயே வைத்துக்கொண்டு ஆறுவதற்காகக் காத்திருந்தார். பிறகு உண்டார். எண்ணி நாலு வாய். அதில் ஒன்று வேட்டிக்குப் போனது. மூன்று வாய் உள்ளே போயிற்று. ஒரு தகப்பனுக்கு மூன்று வாய் தாராளம். எழுந்து போனவருக்குக் கிருத்திகாவே செம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

கை கழுவிவிட்டு வரும் வழியில் அவர் செல்வப்பிரியாவின் பக்கம் நின்றார்.

"அந்தச் சொட்டு காஞ்சிருக்குமில்ல? நாளைக்குத் தேச்சுரலாமா?"

"தேய்க்கலாமுங்க மாமா. கையில. மோட்டாரு வேண்டாமுங்க."

"யாரு மோட்டாரக் கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்தியில் இலை எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் இலைக்கு முன்னால் மயிலாத்தாள் வந்து சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முக்கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது.

"அம்மா, எந்திரிங்க, அது ஆறிப்போச்சுங்க. புது எலை போட்டுச் சூடாப் போடறனுங்க" என்றாள் கிருத்திகா.

"போ அக்கட்டால" என்றாள் மயிலாத்தாள். "எனக்கு இது போதும்."

அவர் விரல் பட்டு உதிர்ந்து கிடந்த பருக்கைகளை முதலில் ஒன்றாகக் கூட்டினாள். பிறகு பிசைந்தாள்.